எங்கள் வீட்டு அலுமாரியில் உள்ள பிறசர் குளிசைகள்: ஒரு பாவனையாளரின் கணிப்பு

எங்கள் வீட்டு அலுமாரியின் நடுத்தட்டில் மூன்று பேருடைய பிறசர் குளிசைகள் இருக்கின்றன. மாமியுடையது பிஸ்கற் ரின்னில், இவருடையது, அதாவது என் கணவருடையது, பழைய கண்ணாடிக் கூட்டில், என்னுடையது கிளினிக்கில் தந்த கடதாசிக் கவரிலேயே. மூன்று பேருக்கும் வருத்தம் ஒன்றுதான், ஆனால் குளிசைகள் வேறு. மாமிக்குச் சீனி வருத்தமும் உண்டு. இவர் மாரடைப்பு வந்து தப்பியவர். எனக்கு வெறும் பிறசர் மட்டும்.

இலங்கையின் வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஒழுங்கையில் இருப்பவர்களும் தங்கள் கவர்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். “ரீச்சர், இதில எது திறம் குளிசை? நெஞ்சுக்கு எது பாதுகாப்பு?” என்பதுதான் எப்போதும் கேள்வி. அதற்கு நான் சொல்லிவரும் பதிலை ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அடுத்த கிளினிக்கில் கேட்பதற்கு நல்ல கேள்வி நாலு கிடைத்தால் போதும்.

ஒழுங்கைக் கேள்விக்கு நேரான பதில் 2002 இல் வந்த ஆல்ஹற் என்ற அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. 55 வயதும் அதற்கு மேலுமான 33,357 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்குக் குளோர்தலிடோன் என்ற தண்ணீர் போக்கும் குளிசை, ஒரு பகுதிக்கு அம்லோடிபின், மற்றப் பகுதிக்கு லிசினோபிரில் கொடுத்து ஏறக்குறைய ஐந்து வருடம் பார்த்தார்கள். மாரடைப்புக் கணக்கில் மூன்றும் சமம். எந்தப் பகுதியை எடுத்தாலும் நூற்றுக்குப் பதினொரு சொச்சம் பேருக்கு வந்தது. இன்னொரு விசேசமும் உண்டு. இருதயம் பலவீனப்பட்டுப் போவதைத் தடுப்பதில் முன்னுக்கு நின்றது மூன்றிலும் பழையதும் மலிந்ததுமான குளோர்தலிடோன்தான். வெளியில் விலை கூடிய குளிசை வாங்கினால்தான் நெஞ்சு தப்பும் என்று நகையை அடகு வைக்க யோசிக்கிறவர்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்லுவேன்.

2021 இல் பிறசர் குளிசைகள் பற்றிய 48 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 344,716 பேருடைய விபரங்களைப் பார்த்தார்கள். பிறசரின் இரண்டு எண்களில் மேல் அளவு 5 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பாரிசவாதம், இருதய பலவீனம் போன்ற பெரிய ஆபத்துகள் 10 சதவீதம் அளவில் குறைகின்றன. ஆக, எந்தக் குளிசை என்பதை விட, எவ்வளவு குறைந்தது, குறைந்தபடியே நிற்கிறதா என்பதுதான் முதல் விசயம். இதைச் சொன்னால் கேட்க வந்தவருக்கு முகம் சுருங்கும். ஒரு பெயரைச் சொல்லுவேன் என்று நினைத்து வந்திருப்பார்.

ஆனால் எல்லாருக்கும் எல்லாம் சரி என்றும் இல்லை. சீனி, சிறுநீரகம், ஆஸ்துமா, ஏற்கனவே அடிபட்ட இருதயம், வெயிலில் வயல் வேலை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்போது குளிசைகளின் குணமும் வேறுபடத் தொடங்கும். அங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கிறது.

என்னுடைய அம்லோடிபினிலிருந்து தொடங்குகிறேன். இரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்துகிற குளிசை. நாளுக்கு ஒன்று. ஒரு நேரம் மறந்தாலும் பெரிதாகக் கைவிடாது. உடம்பில் இருந்து மெதுவாகத்தான் கழியும், ஒரு நாளுக்கு மேலாகியும் பாதி அளவு இரத்தத்தில் நிற்கும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கரைச்சல் இல்லை. சிறுநீரகத்துக்கென்று அடிக்கடி இரத்தம் சோதிக்கவும் தேவையில்லை. பாரிசவாதத்தைத் தடுப்பதில் நல்ல பெயர். பெரிய குறை கால் வீக்கம். எனக்கு 10 மில்லிகிராம் போட்ட காலத்தில் பின்னேரமானால் செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும், விரலால் அமத்தினால் குழி விழுந்து நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு “கிட்னி போட்டுதோ பிள்ளை?” என்று பயப்படுத்திவிட்டுப் போனார். அது கிட்னி இல்லை. சின்ன நாடிக்குழாய்கள் விரிந்து, நாளக்குழாய்கள் அதே அளவுக்கு விரியாததால் நீர் கசிந்து காலில் இறங்குகிறது. அளவு கூடக்கூட வீக்கமும் கூடும், பெண்களுக்கு இன்னும் கூட. தண்ணீர் போக்கும் குளிசை போட்டாலும் இந்த வீக்கம் அவ்வளவாகக் குறையாது. டொக்டர் எனக்குச் செய்தது வேறு: அம்லோடிபினை 5 ஆக இறக்கி, கூடவே லோசாட்டனைச் சேர்த்தார். வீக்கம் வடிந்தது, பிறசரும் முன்பை விட நன்றாக இறங்கியது. திடீரென்று வருகிற வீக்கம் எல்லாவற்றையும் குளிசையின் தலையில் கட்டவும் கூடாது. மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் காட்ட வேண்டும்.

மாமிக்கு முதலில் தந்தது எனலாபிரில். இந்தக் குளிசைக் குடும்பத்தின் வரலாறு வன்னி ஆட்களுக்குப் பிடிக்கும். புடையன் பாம்புக்குப் பயந்து ரோர்ச் இல்லாமல் இரவில் வரம்பில் கால் வைக்காத ஆட்கள் நாங்கள். பிரேசிலில் உள்ள ஜராராக்கா என்ற விரியன் கடித்தால் பிறசர் விழுந்துவிடும். அந்த விசத்தை ஆராய்ந்த வழியில்தான் கப்டொபிரில் பிறந்து, 1981 இல் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. எனலாபிரில், லிசினோபிரில், ராமிபிரில் எல்லாம் அதன் தம்பிமார். மாமியிடம் இதைச் சொன்னபோது, “பாம்பு விசத்தையோ எனக்குத் தாறியள்?” என்று குளிசையைத் தூர வைத்துவிட்டார். விசம் இல்லை மாமி, விசத்தைப் பார்த்துப் படித்த படிப்பு என்று சமாளிக்க வேண்டி வந்தது.

நெஞ்சுக்கு என்று கேட்டால் இந்தக் குடும்பத்தின் கணக்கு நல்ல கணக்கு. இருதயம் மிகவும் பலவீனப்பட்டவர்களுக்கு எனலாபிரில் கொடுத்த 1987 ஆம் ஆண்டின் கொன்சென்சஸ் ஆய்வில் சாவு பெரிய அளவில் குறைந்தது: ஆறு மாதத்தில் மருந்தில்லாத வெறும் மாவுக் குளிசை எடுத்தவர்களில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள், எனலாபிரில் எடுத்தவர்களில் 26 சதவீதம். 2000 இல் வந்த ஹோப் ஆய்வில், நாடிக்குழாய் நோயோ சீனியோடு வேறு ஆபத்துகளோ உள்ள 9,297 பேரில் ராமிபிரில் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் குறைந்தன.

ஆனால் இருமல். மாமிக்கு இரவில் படுத்தவுடன் தொண்டையில் தும்பு சுரண்டுகிற மாதிரி வறட்டு இருமல் தொடங்கும். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆடாதோடை அவித்தோம், மல்லித் தண்ணீர் கொடுத்தோம், கசநோயோ என்று சளி சோதிக்கவும் யாரோ சொன்னார்கள். கடைசியில் கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர்தான் கிளினிக் கொப்பியைப் பார்த்த கையோடு, “அம்மா, இது குளிசை இருமல்” என்றார். நிறுத்தி லோசாட்டனுக்கு மாற்றிய பிறகு சில கிழமைகளில் அடங்கிவிட்டது. இன்னொன்று அபூர்வம், ஆனால் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும்: இந்தக் குளிசைகளில் உதடு, நாக்கு, முகம் வீங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வருடக்கணக்காகப் போட்டுவந்த பிறகும் அப்படி வரலாம்.

லோசாட்டன், ரெல்மிசாட்டன் இரண்டும் அதே வேலையை வேறு கதவால் செய்கிற குளிசைகள், இருமல் மிகக் குறைவு. 2008 இல் வந்த ஒன்ரார்கெற் ஆய்வில் ரெல்மிசாட்டன் ராமிபிரிலுக்கு நெஞ்சுப் பாதுகாப்பில் சமமாக நின்றது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் லாபம் இல்லை, சிறுநீரகத்துக்குத்தான் கேடு வந்தது. ஒருவருடைய கவரில் எனலாபிரிலும் லோசாட்டனும் ஒன்றாக இருந்தால் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். சீனியால் சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியவர்களுக்கு லோசாட்டன் அந்தப் பாதிப்பை மெதுவாக்கும் என்பது 2001 இல் தெளிவானது. மாமிக்கு இது பொருந்துவதற்கு அதுதான் காரணம். லோசாட்டனுக்கு யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் குறைக்கிற குணம் உண்டு, மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு அது ஒரு மேலதிக லாபம்.

எனலாபிரில், லோசாட்டன் என்ற இந்த இரண்டு குடும்பத்துக்கும் ஒரு நிபந்தனை: தொடங்கி ஒன்றிரண்டு கிழமையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியற்றினினையும் பொட்டாசியத்தையும் இரத்தத்தில் சோதிக்க வேண்டும். வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருக்கிற நிலையில் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்கள் வெயிலுக்குக் குளிர்ச்சி என்று ஒரு நாளில் நாலைந்து இளநீர் குடிப்பதும் ஆகாது, பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும் அப்படித்தான். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளை பெற யோசிப்பவர்களும் இந்தக் குளிசைகளைப் போடக் கூடாது. அவர்களுக்கு மெதைல்டோப்பா, நிபெடிபின் போன்றவை இருக்கின்றன.

லோசாட்டனைப் பற்றி எழுதும்போது எங்கள் ஒழுங்கையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வயல் செய்கிற ஒரு அண்ணை, வரம்பில் நிமிர்ந்தால் தலை சுத்துது என்று வந்தார். கையில் இரண்டு குளிசை அட்டை. ஒன்று கிளினிக்கில் தந்தது. மற்றது, இடையில் ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லாத மாதம் வெளியில் வாங்கச் சொன்னபோது ரவுணில் ஒரு மருந்துக்கடையில் வாங்கியது. மறுபடி கிளினிக்கில் வந்ததும் இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையைத் திருப்பி, வெள்ளித்தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி அடித்திருக்கிற எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். இரண்டிலும் லோசாட்டன் பொட்டாசியம் 50.

“ரண்டும் ஒண்டுதான் அண்ணை.”

“அதெப்பிடி ரீச்சர்? ஒண்டு பச்சை, மற்றது வெள்ளை எல்லோ?”

கடையில் கொடுத்தவர் கொப்பியையும் பார்க்கவில்லை, இது கிளினிக் குளிசைக்குப் பதில் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர், சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அந்தச் சின்ன எழுத்தைக் கொப்பியில் உள்ளதோடு ஒப்பிடாமல் ஒரு குளிசையும் வாயில் போடக் கூடாது. அண்ணையை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ஒன்றை நிறுத்திவிட்டார்கள். தலைச்சுற்றும் நின்றது.

இனி அட்டெனலோல். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் பிறசர் என்றால் இதுதான். இருதயத் துடிப்பைக் குறைத்து வேலைப்பழுவைக் குறைக்கிற குடும்பம், பெயருக்கே நெஞ்சுக் குளிசை. ஆனால் வெறும் பிறசருக்கு முதல் குளிசையாக இதன் மதிப்பு இறங்கிவிட்டது. லைஃப் என்ற ஆய்வில், இருதயச் சுவர் தடித்த 9,193 பேரில் பாதிப்பேருக்கு லோசாட்டனும் பாதிப்பேருக்கு அட்டெனலோலும் கொடுத்தார்கள். பிறசர் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான் இறங்கியது. ஆனாலும் லோசாட்டன் பக்கம் பாரிசவாதம் கால்வாசி குறைவு. மாரடைப்பில் மட்டும் வித்தியாசம் இல்லை. 2005 இல் அஸ்கொற் ஆய்விலும், அம்லோடிபினோடு பெரிண்டோபிரில் சேர்த்த பக்கம் அட்டெனலோல் பக்கத்தை முந்தியது. அடுத்த வருடமே பிரித்தானியாவில் முதல் வரிசையில் இருந்து இந்தக் குடும்பத்தை எடுத்துவிட்டார்கள்.

அதற்காகத் தூக்கி எறிகிற சாமான் இல்லை. இவர் போடுவது அதே குடும்பத்துப் பிசோபிரலோல். மாரடைப்புக்குப் பிறகு இருதயத்தின் பம்பும் வலு குறைந்து போனவருக்கு அதுதான் காவல். சைக்கிளில் ஏறினால் முன்னைப் போல உழக்க முடியவில்லை, கை கால் குளிருது என்று முறைப்பாடு சொல்லுவார், சொல்லிக்கொண்டே போடுவார். இந்தக் குடும்பத்தில் மூன்று விசயம் கவனிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சீனிக்கு ஊசி போடுபவர்களுக்குச் சீனி இறங்கும்போது வருகிற படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். கடைசியாக, திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நெஞ்சுவலி பாய்ந்து வரும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒழுங்கைகளில் குளிசை கடன் வாங்கித் திரிந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு இவருடையதில் மட்டும் ஒரு கிழமைக்குரியது எப்போதும் ஒதுக்கில் இருக்கும்.

எச்.சி.ரி (ஹைட்ரோகுளோரோதயசைட்) என்று கொப்பியில் எழுதுகிற தண்ணீர்க் குளிசை மலிவு, வேலை செய்யும், வயதானவர்களுக்கு நல்ல பலன். ஆல்ஹற்றில் வென்ற குளோர்தலிடோனின் உறவுக்காரன். இரண்டில் எது திறம் என்ற வாதத்துக்கு 2022 இல் 13,523 பேரை வைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பாரிசவாதக் கணக்கில் வித்தியாசம் இல்லை, குளோர்தலிடோன் பக்கம் பொட்டாசியம் கூடக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் ஒன்றும் சித்திரை வெயிலில் இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் வேலை செய்கிற ஆளைப் பற்றிப் பேசாது. வியர்வையில் உப்பும் நீரும் போக, குளிசையும் சேர்ந்து போக்கினால் கெண்டைக்கால் பிடிக்கும், தலை சுற்றும், வயதானவர்கள் சோடியம் குறைந்து அறளை பெயர்ந்த மாதிரிப் பேசத் தொடங்குவார்கள். வயிற்றோட்டம், வாந்தி வந்த நாளில் இந்தக் குளிசையைப் போடுவதா விடுவதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவாதமும் இதனால் கிளம்பலாம்.

அதோடு சேர்த்து எங்கள் ஊரின் பெரிய எதிரி: நாரி உளைவுக்குக் கடையில் சும்மா கேட்டு வாங்குகிற டைக்குளோபினாக். பிறசரையும் ஏற்றும். லோசாட்டனோ எனலாபிரிலோ, தண்ணீர்க் குளிசை, டைக்குளோபினாக் என்று மூன்றும் ஒரு வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடலாம். எந்தப் பிறசர் குளிசை நல்லது என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது நோவுக்கு என்ன போடுகிறீர்கள் என்றுதான்.

நிபெடிபின் மெதுவாகக் கரைகிற வகையை உடைத்து, சப்பிப் போடாதீர்கள், ஒரேயடியாக இறங்கிவிடும். பிரசோசின் போடத் தொடங்குகிறவர்கள் முதல் குளிசையைப் படுக்கப் போகும்போது போடட்டும், நின்றபடி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. அதன் உறவான டொக்சசோசின், ஆல்ஹற்றில் நாலாவது பகுதிக்குக் கொடுத்து, இருதய பலவீனம் கூடியதால் 2000 இல் இடையில் நிறுத்தப்பட்ட குளிசை. பிரசோசினும் டொக்சசோசினும் பின்வரிசைக்குரியவை.

ஒரு குளிசையை உச்ச அளவுக்கு ஏற்றுவதை விட, இரண்டு மூன்றைச் சிறு அளவில் சேர்ப்பது நல்லது என்பது என் காலும் சொன்ன பாடம். இதைப் பெரிதாகச் சோதித்தது எங்கள் நாட்டிலேயேதான். 2018 இல் வெளியான ரயம்ப் ஆய்வில் இலங்கையின் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை எடுத்து, பாதிப்பேருக்கு ரெல்மிசாட்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மூன்றையும் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 70 சதவீதம் பேருக்குப் பிறசர் பிடிக்குள் வந்தது. வழமையான வைத்தியம் எடுத்தவர்களில் 55 சதவீதம். பிஸ்கற் ரின்னில் கைவிட்டுத் தேடுகிற மாமி மாதிரியான ஆட்களுக்கு மூன்று ஒன்றாவது பெரிய உதவி.

மற்றப்படி எங்கள் கிளினிக்கைப் பற்றி: விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும், வாங்கில் இருந்தே பாதி நாள் போகும். ஆனால் மேலே சொன்ன முக்கியக் குளிசைகளில் பெரும்பாலானவை அங்கே இலவசமாகவே கிடைக்கின்றன, அவையே உலக ஆய்வுகளில் வென்றவை. பிறசரை அளக்கும் முன் ஐந்து நிமிடம் இருத்துகிற நேர்ஸ் இருந்தால் அன்றைய கணக்கை நம்பலாம். ஓடி வந்த மூச்சோடு அளந்தால் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள். கருவாட்டுக் குழம்பும் மோர்மிளகாயும் ஒரே நாளில் சாப்பிட்டுவிட்டுக் குளிசை சரியில்லை என்று சொல்லவும் கூடாது. உலக சுகாதார அமைப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது, ஒரு மட்டத் தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு.

காலையா இரவா என்ற கேள்வி மிச்சம். 2022 இல் வந்த ரைம் ஆய்வில் 21,104 பேரை வைத்துப் பார்த்தார்கள், மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் நேரத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அந்த நேரம் சரி. தண்ணீர்க் குளிசை மட்டும் இரவில் வேண்டாம். நடுச்சாமத்தில் எழும்பி முற்றம் தாண்டிக் கக்கூசுக்குப் போகிற வயதானவர்கள் இடறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார்கள். எச்.சி.ரி மாமிக்கும் உண்டு, அதைக் காலைத் தேத்தண்ணியோடு கொடுக்கிறோம்.